சிவப்புப் புள்ளி வைத்த நாட்கள்

எங்கள் ரோபோவுக்குக் குண்டோதரன் என்று பெயர் வைத்தது ஓட்டுநர். எத்தனை பந்து போட்டாலும் வாயைத் திறந்து விழுங்கிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். விழுங்குவதில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. திருப்பி வீசுவதில்தான் வம்பு. ஒரு நாள் பத்துப் பந்தில் ஒன்பது கூடைக்குள் போகும். மறுநாள் அதே பத்தில் நாலுதான் போகும். மற்ற ஆறும் கூடைக்கு ஒரு முழம் முன்னாலேயே தொப்பென்று விழுந்து உருளும். பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு இருந்ததோ ஐந்து வாரம்.

ஓட்டுநர் என் வகுப்புப் பையன். ரோபோவை ரிமோட்டில் ஓட்டுவதும், அதற்கான நிரலை லேப்டாப்பில் எழுதுவதும் அவன் வேலை. லாக் நோட்டு என் பொறுப்பு. எத்தனை பந்து போட்டோம், எத்தனை விழுந்தது, பேட்டரி எவ்வளவு இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். அணியில் என்னை சிஐடி என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை காணாமல் போன ஸ்குரூ டிரைவரை யார் எடுத்தது என்று காலணித் தடத்தை வைத்துக் கண்டுபிடித்ததால் வந்த பெயர். உண்மையில் அது பரம்பரைக் குணம். என் அம்மா ஒரு பெரிய கடையில் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைச் சோதிப்பவர். பதினாறு வருடமாக அதே வாசல். வீட்டிலும் நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அவர் கை தன்னால் நீளும்.

பள்ளிக்குப் பின்புறம் பழைய மரவேலைக் கூடத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பாதி அறைக்குத் தரையில் வெள்ளை டேப் ஒட்டி ஆட்டக்களம் ஆக்கியிருந்தோம். ஒரு கோடியில் கூடை, மறுகோடியில் மேஜை, மேஜை மேல் லேப்டாப்பும் என் நோட்டும். இருந்தவை நாலே பந்துகள், மஞ்சள் நிற ஸ்பாஞ்ச். குண்டோதரனின் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் சக்கரம் மோட்டாரில் சுற்றும். அதற்கும் ஒரு வளைந்த தகட்டுக்கும் நடுவே பந்து நசுங்கிப் புகுந்து, சக்கரத்தின் வேகத்தில் எகிறும். சக்கரம் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால் பந்து சரியாகக் கூடையில் விழும். எடை குறைய வேண்டும் என்று ஓட்டுநர் அந்தச் சக்கரத்தில் வட்டமாகப் பன்னிரண்டு துளை போட்டிருந்தான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டுவான்.

என்ன கோளாறு என்று எல்லாவற்றையும் பார்த்தோம். பேட்டரியை மாற்றினோம். தகட்டின் திருகாணிகளை இறுக்கினோம். சக்கரத்தைத் துடைத்தோம். பந்துகளை எடை போட்டோம். ஒவ்வொன்றும் ஒரு நாள் பலித்தது, மறுநாள் கைவிட்டது. வேகத்தைப் பார்த்தால், ஆரம்பிக்கும்போது லேப்டாப்பில் மூவாயிரம் என்றுதான் காட்டியது. பிசிக்ஸ் சார் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, இயந்திரம் பொய் சொல்லாது, நாம்தான் எதையோ மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்தான் எங்கள் அணிக்குப் பொறுப்பு.

நாம் எதையோ மாற்றுகிறோம். அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாமா, நம்மில் ஒருவரா?

புதுசு என்று நாங்கள் கூப்பிட்ட பெண் அணிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வருடத்தின் நடுவில் எங்கள் பள்ளிக்கு மாறி வந்தவள் என்பதால் அந்தப் பெயர். எங்கிருந்து மாறி வந்தாள் என்பதுதான் விஷயம். போன வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன பள்ளியிலிருந்து. அங்கே ரோபோ அணியில் இருந்தவள். பயிற்சிக்கு வரும்போதுகூட அந்தப் பள்ளியின் நீலநிற டி-ஷர்ட்தான். ஏன் இன்னும் இதையே போடுகிறாய் என்று கேட்டதற்கு, "இன்னும் கிழியல," என்றாள். அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர்கள் எதை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று மனது அரித்துக்கொண்டே இருக்கும்.

விட்டுப்போன பாடங்களுக்கு அவளுக்குத் தனி வகுப்பு இருந்ததால் எல்லா நாளும் வரமாட்டாள். அவள் வராத நாளில் பந்து பொறுக்கும் வேலையும் என் தலையில். ஒரு பந்தைக் குண்டோதரனின் வாயில் போடுவேன், அது வீசியதும் மேஜைக்கு வந்து குறித்துக்கொள்வேன், திரும்பப் போய் அடுத்ததைப் போடுவேன். இடுப்பு ஒடிந்துவிடும். அவள் வந்தால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. உட்கார்ந்த இடத்தில் எழுதினால் போதும். அவள் ஓடி ஓடிப் பொறுக்கி வந்து, ஒன்று வெளியே போவதற்குள் அடுத்ததை வாயில் போட்டுவிடுவாள். சுறுசுறுப்பில் அவளை அடித்துக்கொள்ள முடியாது. அதுவே எனக்கு உறுத்தியது. வந்து ஒரு மாதம் ஆனவளுக்கு எதற்கு இத்தனை அக்கறை?

ஒரு மாலை நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒன்பது, நாலு, நாலு, எட்டு, மூன்று, ஒன்பது. அவள் வந்த நாட்களை நினைவுபடுத்திப் பார்த்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி உள்ள வரியில் ஒன்றுகூட ஐந்தைத் தாண்டவில்லை. புள்ளி இல்லாத வரியில் ஒன்றுகூட எட்டுக்குக் குறையவில்லை. அன்றிலிருந்து தினமும் புள்ளி வைத்தேன். யார் பார்த்தாலும் என்னவென்று புரியாது என்ற தைரியம்.

அதன் பிறகு அவள் கையை விட்டு என் கண் அகலவில்லை. திருடுகிறவரின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று அம்மா சொல்வதுண்டு. அவள் கையைப் பார்த்தேன். ஒரு கையில் பந்து, மறு உள்ளங்கையில் போன். ஒவ்வொரு பந்து எகிறும்போதும் கட்டைவிரல் போனைத் தொட்டது. யாருக்கோ செய்தி போகிறது என்று முடிவுகட்டினேன். நாலு நாள் கழித்து நோட்டின் ஓரத்தில் பென்சில் எழுத்து முளைத்தது. பொடிப்பொடியாக எண்கள். 2, 2, 9, 2, 1. ஒரு தலைப்பு கிடையாது, விளக்கம் கிடையாது. என் நோட்டிலேயே எழுதிவைத்து, போகும்போது போட்டோ பிடித்து அனுப்புகிறாள் என்று தோன்றியது. என்ன ஒரு நெஞ்சழுத்தம்.

அன்று அவள் மேஜையருகில் வந்து, "அந்தப் பந்து விஷயமா உங்கிட்ட ஒண்ணு பேசணும்," என்று ஆரம்பித்தாள். என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வேலை இருக்கிறது என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டு நோட்டை மூடினேன். அவள் திரும்பிப் போனாள்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொழில் தெரிந்தவர், மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"பையைத் திறந்து பாத்தியா?"

"எந்தப் பையை?"

"போன்ல என்ன பண்றா, அந்த நம்பர் என்னன்னு அவகிட்ட கேட்டியா?"

கேட்டால் உஷாராகிவிடுவாள் என்றேன். அம்மா ஒரு தலையணை உறையை உதறி மடித்தார். "நான் தினம் ஐந்நூறு பேரைச் சந்தேகப்படறேன்டி. ஒருத்தரைக்கூடப் பையைத் திறந்து பாக்காம பிடிச்சுக் கொடுத்ததில்ல," என்றார். வேலை அலுப்பில் பேசுகிறார் என்று நான் எழுந்து போய்விட்டேன்.

அணியில் ஐந்து பேருக்குத்தான் களத்துக்குள் அனுமதி. அந்தப் பெயர்ப் பட்டியல் போட்டி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு போய்ச் சேர வேண்டும். புதுசுக்கு அதில் இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய பள்ளியில் போன வருடம் அவளைக் கடைசி நேரத்தில் மாற்று ஆளாக உட்காரவைத்துவிட்டார்களாம், களத்தில் நிற்கவே இல்லையாம். இதை அவளே ஓட்டுநரிடம் சொன்னாளாம். அதையும் நான் நம்பவில்லை.

பட்டியல் போவதற்கு எட்டு நாள் முன்பு, ஆசிரியர் அறையில் சாரின் மேஜையில் நோட்டை விரித்தேன். புள்ளிகளைக் காட்டினேன். பென்சில் எண்களைக் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நியாயமான மனிதர். எடுத்த எடுப்பில் யாரையும் குற்றம் சொல்லமாட்டார். ஒரு வாரம் அவளை விளக்கப் பலகை தயாரிக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டு, அவள் இல்லாமல் சோதித்துப் பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு வாரத்தில் குண்டோதரன் செய்த சாகசத்தை என்னவென்று சொல்ல! ஒன்பது, எட்டு, ஒன்பது, பத்து, ஒன்பது. நான் குனிந்து, பொறுக்கி, போட்டு, நடந்து வந்து, எழுதி, மறுபடி நடந்து, முட்டி வலித்தாலும் சிரித்துக்கொண்டே செய்தேன். ஓட்டுநர் மட்டும், அவள் என்னதான் செய்திருப்பாள், எப்படிச் செய்திருப்பாள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். எப்படி என்பது எனக்குத் தேவைப்படவில்லை.

சார் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு மாற்று ஆளின் பெயரை எழுதினார். அணிக்கென்று தைத்த ஆரஞ்சு டி-ஷர்ட் அவளிடம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதைத் திருப்பி வாங்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். துவைத்து இஸ்திரி போட்டு, நான்காக மடித்துக் கொண்டுவந்தாள். அவள் எதிரிலேயே மடிப்பை உதறிப் பார்த்தேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "நோட்டு ஓரத்துல எழுதியிருந்தேனே, பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேன்," என்றேன். எல்லாம் தெரியும் என்ற தொனியில் சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மாட்டிக்கொண்டவளின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அன்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

போட்டி ஓர் உள்விளையாட்டரங்கில். இருபத்து நாலு அணி. முதல் நாள் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம். மூன்றின் மொத்தப் புள்ளியில் முதல் எட்டு அணிகள் மறுநாளுக்குப் போகும். ஆட்டம் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம். களத்தின் ஓரத்தில் ஒரு சரிவுக் குழாய் இருக்கும். ரோபோ அதன் அடியில் வந்து நிற்க, ஒருவர் மேலிருந்து பந்துகளைப் போட வேண்டும். எங்கள் அணியில் அந்த ஒருவர் நான்.

முதல் ஆட்டத்துக்கு மணி அடித்தது. பக்கத்தில் ஒரு வாளி நிறையப் பந்து. நடக்க வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை. நான் மளமளவென்று போட்டேன். முதல் பந்து அழகாகக் கூடைக்குள் போனது. இரண்டாவது கூடையின் விளிம்பில் மோதியது. மூன்றாவது ஒரு முழம் முன்னால் தொப்பென்று விழுந்தது. நாலாவதும் தொப். ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கூட்டத்தைப் பார்த்தேன். மேல் வரிசையில், அந்த நீல டி-ஷர்ட்டில், தனியாக, போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது ஆட்டமும் அதே கதி. ஸ்கோர் பலகையில் எங்கள் பெயர் பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது. மூன்றாவது ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் இடைவெளி. அவள் அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று எந்த மூளையும் கேட்டிருக்கும். என் மூளை கேட்கவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கமாகப் போய், "யாருக்கு அனுப்பற?" என்று கேட்டபடியே போனைப் பிடுங்கினேன்.

திரையில் செய்தி எதுவும் இல்லை. ஸ்டாப் வாட்ச் இருந்தது. அதன் கீழே வரிசையாக எண்கள். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு.

"நீ பந்து போடற இடைவெளி," என்றாள் அவள், எழுந்திருக்காமல். "ரெண்டு செகண்ட்தான் விடற. ஒரு பந்து போனா சக்கரம் வேகம் குறைஞ்சிடுது. துளை போட்ட லேசான சக்கரம். திரும்ப மூவாயிரம் ஏற அஞ்சு செகண்ட் வேணும்."

நான் நோட்டைப் பிரித்தேன். என் கண் முன்னாலேயே அத்தனை வாரம் கிடந்த பென்சில் எண்கள். 2, 2, 9, 2, 1. அந்த ஒன்பது வினாடி, அவள் கையிலிருந்து நழுவிய பந்து மேஜைக்கடியில் உருண்டு, தேடி எடுத்த நேரமாக இருக்க வேண்டும். அந்தப் பந்து கூடையில் விழுந்திருக்கும். நானோ பத்துக்கு எத்தனை என்று மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தேன், எந்தப் பந்து என்று ஒருநாளும் எழுதவில்லை. அவள் இல்லாத நாளில் பந்து ஒழுங்காகப் போனதற்குக் காரணம் என் முட்டிவலி. நான் நடந்து போய் எழுதிவிட்டு வருவதற்குள் சக்கரம் சாவகாசமாக வேகம் பிடித்திருக்கிறது. அவள் போனபின் கோளாறு சரியாகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ பாத்தேன்னு சொன்ன," என்றாள். "சரி, கண்டுபிடிச்சதை எடுத்துக்கிட்டு என்னைக் கழட்டி விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாள் அழுதேன். இங்க வந்து பாத்தா ஒண்ணுமே மாத்தாம அப்படியே கொண்டுவந்திருக்கீங்க. எனக்குப் புரியல."

"நீ ஏன் நேர்ல சொல்லல?"

"சொல்ல வந்தேன், நீ நோட்டை மூடிட்ட. சார்கிட்ட போலாம்னா, நான் அந்த ஸ்கூல்காரி. தப்பா சொன்னா வேணும்னு கெடுக்கறான்னு சொல்வீங்க. அதான் உறுதியாகட்டும்னு எழுதிக்கிட்டே வந்தேன்." பிறகு நோட்டை அவள் பக்கம் இழுத்து, விரலால் சிவப்புப் புள்ளிகளை மேலிருந்து கீழாகத் தொட்டாள். "நீயும் இதைத்தான தேடிக்கிட்டிருந்த? நான் பந்து போடற நாளுக்கெல்லாம் புள்ளி வெச்சிருந்தியே. ஓகோ, வேகமா போட்டா குறையுதுன்னு இவளும் கவனிச்சிருக்கான்னு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. உன் புள்ளியைப் பாத்துட்டுத்தான் நான் செகண்ட் எழுதவே ஆரம்பிச்சேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஆமாம், நானும் அதைத்தான் தேடினேன், சார்தான் அவசரப்பட்டுவிட்டார் என்று சொல்லியிருந்தால், அவள் கீழே வந்து எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்திருப்பாள். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடவும் கூடும். அவள் போனால் மூன்றாவது ஆட்டமும் போகும். கீழே ஓட்டுநர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

"இல்ல," என்றேன். "அது பந்தைப் பத்தின புள்ளி இல்ல. உன்னைப் பத்தினது. நீ கெடுக்கறேன்னு நினைச்சேன். நான்தான் சார்கிட்ட இதைக் காட்டி உன் பேரை எடுக்கவெச்சேன்."

அவள் விரல் அந்தப் பக்கத்திலேயே நின்றது. புள்ளிகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்த முறை அவை வேறாகத் தெரிந்திருக்க வேண்டும். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் மன்னித்துவிடு என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" என்று கேட்டாள்.

முப்பத்தொன்று இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாததால் அணிகள் வேலை செய்யும் பகுதிக்குள் அவளை விடவில்லை. அதைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றபடி அவள் சொல்லச் சொல்ல, உள்ளே ஓட்டுநர் லேப்டாப்பில் அடித்தான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சக்கரம் மூவாயிரத்தைத் திரும்பத் தொடும்வரை அடுத்த பந்தை உள்ளே தள்ளாதே, அவ்வளவுதான், நாலே வரி. நான் சாரிடம் போய், இது யார் கண்டுபிடித்தது என்பதையும் நான் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கயிற்றருகே போய் அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது ஆட்டத்தில் குண்டோதரன் நிதானமாக வீசினான். நான் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் விழுங்கி வைத்துக்கொண்டு, தன் நேரத்துக்கு ஒன்றொன்றாக அனுப்பினான். இருபது பந்தில் பதினெட்டு கூடைக்குள் போனது. ஓட்டுநர் ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தான். ஆனால் முதல் இரண்டு ஆட்டத்தில் இழந்ததை அது ஈடுகட்டவில்லை. மறுநாளுக்கு எட்டு அணிகள். நாங்கள் பதினொன்றாவது.

சாமான்களை ஏறக்கட்டும்போது அவள் கயிற்றுக்கு அப்பால் இன்னும் நின்றிருந்தாள். நான் என் ஆரஞ்சு டி-ஷர்ட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த பள்ளிச் சட்டையோடு போய் அவளிடம் நீட்டினேன்.

"வேணாம்," என்றாள், தன் நீலச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டபடி. "இது இன்னும் கிழியல."

நோட்டை மட்டும் கேட்டு வாங்கினாள். மூன்றாவது ஆட்டத்தின் வரியைத் தேடிப்பிடித்து, இருபதுக்குப் பதினெட்டு என்று நான் எழுதியிருந்ததை ஒருமுறை படித்தாள். பிறகு கையை நீட்டி என் சிவப்புப் பேனாவைக் கேட்டாள். அந்த வரிக்கு எதிரே, மற்ற புள்ளிகளுக்கு நேர் கீழே, அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தாள்.

"இன்னைக்கும் நான் இருந்தேன்," என்று சொல்லி, பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.